சார்ஜர் மொத்தமாக எடுக்கும் முன்

சீனாவின் சென்சென் நகர மொத்த வியாபாரிகளிடம் ஆன்லைனில் சார்ஜர் எடுத்து இங்கே விற்கக் கிளம்பும் தம்பி தங்கைகளே, காசு கட்டும் முன் இதைப் படிச்சிடுங்க. சிங்கப்பூரில் சுவரில் சொருகுகிற சார்ஜரை சேஃப்டி மார்க் என்ற பாதுகாப்பு முத்திரை இல்லாமல் விற்கவே கூடாது. சிம் லிம் ஸ்குவேரில் கடை வைத்திருந்தாலும் சரி, வீட்டு ஹாலில் பெட்டி அடுக்கி கரோசல் ஆன்லைன் தளத்தில் விற்றாலும் சரி. அந்த முத்திரையோடு 8 இலக்கப் பதிவு எண் இருக்கணும். சென்சென் வியாபாரிகள் அனுப்பும் சிஇ (ஐரோப்பியத் தரக்குறி) சான்றிதழ் பிடிஎஃப் அதற்கு ஈடாகாது.

அண்ணன் மகன் வரவழைத்த சாம்பிளைப் பார்த்தேன். மூன்று கால் பிளக்கில் மின்சாரம் ஓடும் லைவ், நியூட்ரல் கால்களின் அடிப்பகுதிக்கு பிளாஸ்டிக் உறை இருக்கணும், இதில் மொட்டைப் பித்தளை, பாதி சொருகியபடி ஒரு குழந்தை விரல் வைத்தால் ஷாக்தான். நினைக்கவே பதறுது.

அப்புறம் வரி. சரக்கு விலை, காப்புறுதி, அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்த தொகைமேல் 9% ஜிஎஸ்டி. ஜிஎஸ்டிக்குப் பதியாத சின்ன வியாபாரிக்கு அது திரும்ப வராது, அதனால் அதையும் அடக்கவிலையில் சேர்த்துதான் லாபம் பார்க்கணும்.

சாம்பிள் வந்ததும் பிளக்கைப் படம் எடுத்து இன்பாக்ஸில் அனுப்புங்க, பார்த்துச் சொல்கிறேன்.