பபுள் ராப் கையும் 33 நிமிடமும்

ஜூன் 7

பழைய 'டாக்டர் ஹூ' தொடரில் 'தி ஆர்க் இன் ஸ்பேஸ்' பார்த்தேன். 1975இல் பிபிசியில் வந்தது, எழுதியவர் ராபர்ட் ஹோம்ஸ். விண்வெளி நிலையத்தின் தலைவன் நோவா, கொஞ்சம் கொஞ்சமாகப் பூச்சியாக மாறுகிறான். பாக்கெட்டிலிருந்து கையை வெளியே எடுக்கிறான், பார்த்தால் பச்சை பெயின்ட் அடித்த பபுள் ராப், பார்சலில் சுற்றி வரும் காற்றுக் குமிழி பிளாஸ்டிக்! சிரித்துவிட்டேன். ஆனால் பாதி மனிதனாக, பாதி பூச்சியாக அவன் தனக்குள்ளேயே மல்லுக்கட்டுகிற காட்சி வந்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மேடை நாடகம் பார்க்கிற கண்ணோடு உட்கார்ந்துவிட்டால் அட்டைச் சுவரெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, வசனமும் நடிப்பும் போதும்.

ஜூன் 9

இன்று நேர் எதிர். 2004இல் வந்த புதிய 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' தொடரின் '33' என்ற எபிசோட். விண்கப்பல்களில் தப்பி ஓடும் மனிதர்களை, சரியாக 33 நிமிடத்துக்கு ஒருமுறை சைலான்கள் என்ற இயந்திர எதிரிகள் தாக்க வருகிறார்கள், யாருக்கும் தூக்கமில்லை, கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறது. விண்வெளிக் காட்சியில்கூட கேமரா செய்திக்காரர் கையில் இருப்பது மாதிரி ஆடுகிறது, கப்பலைத் தவறவிட்டுத் தேடிப் பிடித்து ஜூம் போகிறது. கப்பலுக்குள் வயர் வைத்த பழைய டெலிபோன், ஏனென்றால் கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைத்தால் எதிரி உள்ளே புகுந்துவிடுவான். 1,345 பேர் இருப்பதாகச் சொல்லப்படும் ஒலிம்பிக் கேரியர் என்ற தங்கள் கப்பலையே, எதிரி அதில் புகுந்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் சுட வேண்டும், சுடுவதற்கு முன் போர் விமானி லீ அதன் ஜன்னல்களை எட்டிப் பார்க்கிறான். வயிற்றைப் பிசைந்தது.

சரி, அப்புறம்தான் வம்பு. பூமியையே பார்த்திராத இவர்கள் எதற்கு நம்மூர் கோட்டும் டையும் போட்டிருக்கிறார்கள்? நோவாவிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கத் தோன்றவே இல்லை. காட்சி நிஜம் மாதிரி இருந்தால் நாமும் நிஜத்தைக் கேட்பது போலக் கேட்க ஆரம்பித்துவிடுகிறோம், அந்தச் சுமை மொத்தமும் எழுதுகிறவர் தலையில். டைட்டிலிலேயே சைலான்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்று போட்டுக் காட்டினார்கள், கடைசிவரை அது உருப்படியாக வெளிவரவில்லை. அட்டை செட்டில் எடுத்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன், இதில் விட முடியவில்லை.

ஜூன் 12

1966இன் 'ஸ்டார் ட்ரெக்'. வாராவாரம் கப்பலைத் தரையிறக்கிக் காட்டக் கட்டுப்படியாகாது என்பதால் வந்ததுதான் டிரான்ஸ்போர்ட்டர், ஆளை இங்கே மறைத்து அங்கே தோன்ற வைக்கும் கருவி. யார் கேட்டார்கள்? பளபளவென்று மின்னினால் மறைந்தார்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

2006இல் இதன் விண்வெளிக் காட்சிகளை கம்ப்யூட்டரில் புதிதாகச் செய்து போட்டார்கள். கிரகம் அசல் கிரகம் போல உருண்டு நிற்கிறது, அடுத்த ஷாட்டிலேயே கேப்டன் கிர்க் ஒளிந்துகொள்ளும் பாறை செட் பாறை என்று பளிச்சென்று தெரிகிறது. ப்ளூரே டிஸ்கில் பழைய காட்சிகளையும் வைத்திருக்கிறார்கள், நல்லவேளை. அதற்கே மாற்றிக்கொண்டேன்.