இருபது நிமிடம் ஆட்டாத குழாய்

காவிரி டெல்டாவில் செவிலியர் பயிற்சிக்குத் தேதி குறிப்பவர்கள் வயலைப் பார்த்துக் குறிக்க வேண்டும். நடவும் களையெடுப்பும் தை மாதச் சம்பா அறுப்பும் பாம்புக்கடிக் காலம். அப்போது அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸை மூன்று நாள் ட்ரெயினிங்குக்கு இழுத்துவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நைட் டியூட்டி பார்ப்பது புதிதாகச் சேர்ந்த பெண். உளுந்தும் பயறும் வயலில் நிற்கும் மாசி, பங்குனி தோதான மாதங்கள்.

பயிற்சி எங்கே கோட்டைவிடுகிறது என்பதை ஒரு கண்ணாடிக் குழாயே காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடி விரியன் கடித்தவரின் ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் சோதனை அது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் அப்போது எடுத்த ரத்தம் 2 மில்லி. 20 நிமிடம் தொடாமல் வைத்து, ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது.

ஹாலில் கேட்டால் எல்லோரும் "20 நிமிடம்" என்று சரியாகச் சொல்வார்கள். கையில் குழாயைக் கொடுத்தால் ஐந்தாவது நிமிடமே சாய்த்துப் பார்க்கிறார்கள். கண்ணாடிக் குழாய் கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக். அவசரத்தில் சிலர் ஊதா மூடிக் குழாயை எடுத்துவிடுவதும் உண்டு. அதில் இருப்பதே ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. அதில் யார் ரத்தமும் உறையாது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயும் ஏமாற்றும். கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தூண்டுகிறது, சோப்புப் படலம் அதைக் கெடுத்துவிடுகிறது. இத்தனை தவறும் ஒரே பக்கம்தான் சாயும்: தேவையில்லாதவருக்கு விஷமுறிவு மருந்து ஏறும்.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் மோசம். இரவில் தரையில் படுத்திருந்தவரை, நரம்பைத் தாக்கும் கட்டுவிரியன் கடித்தால் ரத்தம் ஒழுங்காக உறையும். குழாயை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்பினால் விடிவதற்குள் மூச்சு நின்றுவிடலாம். இமை தொங்குகிறதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்க்கப் பழக்குவதற்கு ஸ்லைடு போதாது, கட்டில் பக்கத்தில் நிற்க வேண்டும்.

விஷமுறிவு மருந்து கலக்குவதும் அப்படித்தான். பயிற்சியில் ஒரு குப்பி கலக்கிக் காட்டுவார்கள். நிஜத்தில் முதல் தவணை 10 குப்பி. ஒவ்வொன்றிலும் ஊசிக்கான சுத்த நீர் 10 மில்லி விட்டு, குலுக்காமல் உருட்டிக் கரைக்க வேண்டும்; குலுக்கினால் நுரைத்துக்கொள்ளும். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் 0.5 மில்லிகிராம் ஊசியில் ஏற்றித் தயாராக இருக்க வேண்டும். ஒற்றை ஆளால் ஆகிற வேலையில்லை. காலாவதியான குப்பிகளை எடுத்துவைத்து, இரண்டு பேரைக் கடிகாரம் பார்த்துக் கலக்கச் சொன்னால் யாருக்குக் கை வருகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959-இல் வந்தது. திருவாரூருக்கு 2010, நாகைக்கு 2022. பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் பெரிய கேஷுவால்டி இருக்கும்போது, மூன்று நாள் ஹாலைவிட அங்கே இரண்டு ஷிஃப்ட் நிற்பது மேல். ஆனால் நர்சிங் கவுன்சில் விதிப்படி பதிவைப் புதுப்பிக்க 5 ஆண்டில் 150 மணி நேரத் தொடர்கல்வி காட்ட வேண்டும். மணிக்கணக்கு காட்ட ஹால்தான் சுலபம்: வருகைப் பதிவேடு, மதியச் சாப்பாடு, சான்றிதழ். பதவி உயர்வுக்குச் சீனியாரிட்டி போதும் என்பதால் கைத்திறனைக் கேட்பாரும் இல்லை. கிராம சுகாதார செவிலியர் பகுதி சுகாதார செவிலியராகும்போதும் இதே கதைதான்.

குழாயைக் கழுவுகிற ஆயாவை யாரும் பயிற்சிக்குக் கூப்பிடுவதில்லை. தவறு தொடங்குவதோ அவர் கையில் இருக்கும் சோப்புத்தூளில். விஷயம் தெரிந்த லேப் டெக்னீஷியன்கள் அவரைக் கூப்பிட்டுப் பேசி, இந்தச் சோதனைக்கென்றே புதுக் கண்ணாடிக் குழாய் பத்தைத் தனி டப்பாவில் போட்டு, மேலே பிளாஸ்திரி ஒட்டி எழுதிவைக்கிறார்கள்: "பாம்புக்கு மட்டும். கழுவ வேண்டாம்."