ஏற்காடு பிக்கப்பின் எஞ்சின் கணினியை (ஈசிஎம்) மாற்றிய அனுபவம்

செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டிகளோடு மல்லுக்கட்டுவேன். இந்தமுறை மாட்டியது மச்சானின் டீசல் பிக்கப். நாகலூர் பக்கம் அவருடைய காப்பித் தோட்டத்திலிருந்து மூட்டை ஏற்றி இறக்கும் வண்டி.

சேலத்திலிருந்து மலையேறும்போது, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பதினான்காவதில் எஞ்சின் அணைந்துவிட்டது. "டயருக்குக் கல் வைத்துவிட்டேன், மாப்பிள்ளை. அப்படியே பின்னால் உருட்டி இறக்கிவிடவா?" என்று போனில் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். மீட்பு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். வீட்டு வாசலில் இறக்கிச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது!

சூடானால் அணைவது, ஆறினால் ஓடுவது என்றாலே எஞ்சின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சார்தான் என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. நானும் யோசிக்காமல் புதிது வாங்கி மாட்டினேன். அடுத்த நாளே அஸ்தம்பட்டி தாண்டுவதற்குள் வண்டி நின்றது. அந்தப் பணம் போனது போனதுதான்.

இரண்டாவது ஞாயிறு ஒழுங்காக உட்கார்ந்தேன். அணைந்த நிலையில் சாவியைப் போட்டால் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, கோளாறு படிக்கும் ஸ்கேனருக்கும் எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டியான ஈசிஎம்மிடமிருந்து பதில் இல்லை. அதற்காக உடனே பெட்டியைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. அதற்கு வரும் கரன்ட் சரியா என்று முதலில் பார்க்க வேண்டும். மல்டிமீட்டர் 12.4 வோல்ட் காட்டியது. ஆனால் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் மீட்டர் இதையேதான் காட்டும். கனெக்டரைக் கழற்றி, அந்த வயரில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டி எரியவிட்டேன். பளிச்சென்று எரிந்தது. எர்த் பக்கமும் அதே பல்பால் பார்த்தேன், குறையில்லை.

அடுத்தது சென்சார்களுக்கு ஈசிஎம் அனுப்பும் 5 வோல்ட். அது 0.9 ஆகக் கிடந்தது. ஏதாவது ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலும் இப்படி இறங்கும் என்பதால் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் 0.9 அசையவில்லை.

இன்னும் சந்தேகம் தீரவில்லை. வண்டி ஆறும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்து, மனைவியின் ஹேர் டிரையரை எடுத்துவந்தேன். (கேட்காமல் எடுத்தது தனி வழக்கு.) கிராங்க் சென்சார் மேல் ஐந்து நிமிடம் சூடு காட்டினேன், எஞ்சின் கண்டுகொள்ளவில்லை. ஈசிஎம் மேல் காட்டினேன். நான்காவது நிமிடம் ஒரு விக்கல், அடுத்த விநாடி அமைதி. ஈரத்துணியைப் போர்த்திப் பத்து நிமிடம் விட்டதும் மறுபடி உயிர் வந்தது. இனி எந்தக் கோர்ட்டிலும் சாட்சி சொல்வேன்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்துப் பெட்டியில் கைவைத்தேன். இந்த கனெக்டரை இழுக்கக் கூடாது. பக்கத்து நெம்புகோலை மடக்கினால் தானே எழும்பி வரும். உள்ளே மூன்று பின்களில், புளி காணாத செப்புக் குடம்போலப் பச்சைக் களிம்பு. கறுப்புப் பசையைச் சுரண்டி மூடியைத் திறந்தால் சர்க்யூட் பலகையின் மூலையிலும் அதே பச்சை. முப்பது வருடம் வெள்ளிக்குப் பற்றாசு வைத்த கை துறுதுறுத்தது. ஆனால் அது பல அடுக்குப் பலகை. உள்ளே அடுக்கில் அரித்த கோட்டுக்கு மேலிருந்து பற்றவைத்து என்ன பயன்? மூடிவிட்டேன்.

புதியதின் விலையைக் கேட்டு மச்சான் சற்று நேரம் பேசவில்லை. பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில், ஸ்டிக்கரிலுள்ள ஹார்டுவேர் எண்ணும் மென்பொருள் எண்ணும் கடைசி எழுத்துவரை பொருந்துகிற ஒன்று கிடைத்தது. அதை வாங்கி அப்படியே மாட்டினால் வண்டி ஓடாது. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் நம் சாவியை அந்நியனாக நினைக்கும். டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் பொறித்திருக்கும் திருத்தக் குறியீடும் அதற்குத் தெரியாது. நல்லவேளை, எங்கள் பெட்டியின் நினைவகம் பிழைத்திருந்தது. இதற்கென்றே இருக்கும் ஒருவர் அதிலிருந்த தகவல் முழுவதையும் படியெடுத்து, வாங்கிய பெட்டியில் ஏற்றிக்கொடுத்தார். மாட்டியதும் நான்கு குறியீடுகளையும் ஸ்கேனரில் படித்து, இன்ஜெக்டர்களை எடுத்த படத்தோடு ஒப்பிட்டேன். நான்கும் சரி. இரண்டாவது சுற்றில் எஞ்சின் பற்றிக்கொண்டது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் விட்டால் இதுவும் அதே கதிதான். முன்கண்ணாடிக்குக் கீழேயுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். மழைநீர் வடியும் துளை முழுக்கச் சில்வர் ஓக் இலை, மக்கி, காப்பித் தூள்போல் இறுகியிருந்தது. தண்ணீர் தேங்கி, வழிந்து, வயர் கட்டு வழியாக நேராகப் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. துளையைக் குத்திச் சுத்தம் செய்தேன். வயர் கட்டைக் கனெக்டருக்கு முன்னால் ஒருமுறை தாழ இறக்கி மேலேற்றிக் கட்டினேன். இனி தண்ணீர் வந்தாலும் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

நான்காவது ஞாயிறு, ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு மலையேறினோம். இந்த ஈசிஎம்முக்கு உள்ளேயே காற்றழுத்த சென்சார் உண்டு. அடிவாரத்தில் 98 கிலோபாஸ்கல் காட்டியது, வளைவுக்கு வளைவு இறங்கி, சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் 85-இல் நின்றது. பதினான்காவது வளைவில் மச்சான் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்தை அடைந்ததும் வண்டியை வழக்கம்போல் அதே சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தினார். "நிழல் அங்கேதானே இருக்கிறது, மாப்பிள்ளை" என்கிறார்.