மண்ணின் வரவும் செலவும்

“சுருக்கமாகச் சொல்லுங்கள், இந்தக் காட்டு மண் புவியைச் சூடாக்கும் வாயுவை உறிஞ்சுகிறதா, வெளியிடுகிறதா?” என்று ஆய்வுக் கூட்டத்தில் அதிகாரி கேட்டார். “உறிஞ்சுகிறது, சார்” என்றேன். குறித்துக்கொண்டார், பேச்சு வேறு பொருளுக்குப் போய்விட்டது.

நான் பொய் சொல்லவில்லை. நீலகிரிச் சோலையின் சரிவில் பதித்த வளையத்தின் மேல் மூடியைக் கவிழ்த்து, நேர இடைவெளி விட்டு சிரிஞ்சால் காற்றை எடுத்து அளந்தால், வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 1.9 பங்காக இருக்கும் மீத்தேன், மூடிக்குள் குறைந்துகொண்டே வரும். காற்றோட்டமுள்ள மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் அதை உண்டுவிடுகின்றன. உலகத்து மண் முழுவதும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டன் மீத்தேனை இவ்வாறு அகற்றுகிறது.

ஆனால் அதே மூடிக்குள் கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும். வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசிக்கின்றன அல்லவா? ஒரு எக்டேர் காட்டு மண் ஆண்டில் உண்ணும் மீத்தேன் சில கிலோதான். அதன் வெப்பமூட்டும் திறனை நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 27 மடங்கு என்று வைத்துப் பெருக்கினாலும், 100 கிலோ கரியமில வாயுவை ஒட்டியே நிற்கும். மண் வெளிவிடுவதோ டன் கணக்கில். அந்தக் கரிமத்தைக் காற்றிலிருந்து முதலில் எடுத்தவை மரங்களே என்பதால், அதை மண்ணின் செலவாக மட்டும் எழுதுவது நியாயமில்லை என்று எனக்குள் வாதிடுகிறேன். அப்படியானால் மீத்தேனை மட்டும் மண்ணின் வரவாக எழுதியது எந்த நியாயம் என்ற கேள்வியும் உடனே எழுகிறது.

சரிவின் அடியில் உள்ள சதுப்பைப் பற்றியும் நான் வாய் திறக்கவில்லை. அங்கே நீர் தேங்கிக் காற்று புகாததால் மீத்தேன் உண்டாகிறது. கனமழைக் காலத்தில் சரிவு மண்ணின் துளைகளும் நீரால் அடைபட்டு, உறிஞ்சுவது தளர்கிறது.

அன்று பேசப்பட்டது சோலையோரத்தில் மண்ணைக் கிளறி நடவு செய்வது பற்றி. உழுது பயிரிட்ட காட்டு மண், கைவிடப்பட்ட பின்னும் மீத்தேன் உண்ணும் திறனை மீட்கப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்கிறது. “இரண்டும்தான்” என்று நான் இழுத்திருந்தால், காக்க வேண்டியது எதுவுமில்லை என்றே கோப்பில் ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். அல்லது அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது.

இப்போது வந்துள்ள படிவத்தில் “மண் உறிஞ்சும் அளவு” என்று ஒரே ஒரு கட்டம் இருக்கிறது. அந்த எண்ணை வைத்து வேறெங்கோ வெளியாகும் புகைக்கு யாராவது ஈடு கட்டக்கூடும். சரிவின் அளவை அதில் எழுதி, சதுப்பின் அளவைத் தனித்தாளில் இணைத்து அனுப்பினேன். இணைப்புத்தாள்களை யாரும் படிப்பதில்லை என்பது தெரிந்தும்தான் அனுப்பினேன்.