2+

ஜூலை 3, வியாழன்

மார்பிலிருந்து எடுத்த புற்றுநோய்க் கட்டிக்குச் சாயமேற்றிப் பார்த்த ஐ.எச்.சி. ரிப்போர்ட் வந்துவிட்டது. ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ரிசெப்டர்கள் இரண்டு: ஈ.ஆர். 8-க்கு 8, பி.ஆர். 8-க்கு 6. கட்டியை வளரத் தூண்டும் புரதம் ஹெர்-2: 2+. செல் பெருகும் வேகம் காட்டும் கி-67: 22 சதவீதம்.

முதல் இரண்டையும் பார்த்து டாக்டர் தலையாட்டினார். ஹார்மோன் மாத்திரை கேட்கும், அஞ்சு வருஷம் டாமாக்சிஃபென், தேவைப்பட்டால் பத்து. மூன்றாவதில் பேச்சு நின்றது. "0, 1+ நெகட்டிவ். 3+ பாசிட்டிவ். 2+ல எதுவும் சொல்ல முடியாதும்மா, ஃபிஷ்னு ஒரு ஜீன் டெஸ்ட் பார்க்கணும்."

ஆபரேஷன் காயத்து நீர் வடியும் டிரெயின் பையில் இன்று 60 மில்லி.

ஜூலை 4, வெள்ளி

தூக்கம் இல்லை.

ஜூலை 5, சனி

ஃபிஷ்ஷுக்குச் சென்னைக்கு அனுப்ப, கட்டியை மெழுகில் பதித்த பிளாக்கை வாங்க நானே லேபுக்குப் போனேன். வீட்டுக்காரர் வேண்டாம் என்றார், கேட்கவில்லை. டிரெயின் பையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அந்தப் பையன் ஒரு சின்ன ஜிப் கவரை நீட்டினான். பிளாஸ்டிக் சட்டத்தில் வெள்ளை மெழுகு, ஓரத்தில் நம்பர். மெழுகுக்குள் வெளிறிய பழுப்பில் கட்டியின் ஒரு சீவல், கட்டைவிரல் நகம் அளவு. சீவிச் சீவி மேல்பக்கம் வழுவழுவென்று இருந்தது. இதுவா அத்தனை ஆட்டம் ஆடியது?

கூரியர் ஆபீசில் "உள்ளே என்ன மேடம்?" என்றார்கள். மெழுகு என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

சித்தி வந்தாள், ஹார்லிக்ஸ், சாத்துக்குடி சகிதம். சமயபுரத்தாளிடம் வேண்டிக்கொள்ள அவளுக்கு விவரம் வேண்டுமாம். "பாசிட்டிவ் வரணும்னு வேண்டிக்கவா, நெகட்டிவ் வரணும்னா?"

இத்தனை பேர் வந்து போனதில் இவள் ஒருத்திதான் உருப்படியாகக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஹெர்-2 ஜீன் பெருகினால் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று 1987-ல் ஸ்லாமன் குழு எழுதியது. அப்போது என்றால் யோசிக்கவே வேண்டாம், நெகட்டிவ்தான். 1998-ல் அமெரிக்காவில் டிராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது, கணக்கே மாறிவிட்டது. பாசிட்டிவ் என்றால் குறிபார்த்து அடிக்க மருந்து உண்டு. ஆனால் கூடவே கீமோ, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்று ஒரு வருஷம், நடுநடுவே இதயத்துக்கு எக்கோ. நெகட்டிவ் என்றால் ஒருவேளை மாத்திரையோடு போய்விடும். ஒருவேளை.

"ஆத்தா பாத்துப்பான்னு விட்டுரு சித்தி."

ஜூலை 9, புதன்

கரண்ட் பில்லின் பின்பக்கம் இவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். கம்பெனி மருந்து ஒரு பக்கம், இந்தியாவில் அதைப் போலவே தயாராகும் பயோசிமிலர் ஒரு பக்கம். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

35 மில்லி.

ஜூலை 11, வெள்ளி

ராத்திரி இரண்டு மணி. ஃபிஷ் எப்படிப் பார்ப்பார்கள் என்று படித்தேன். இருட்டறையில் ஒருவர் மைக்ரோஸ்கோப்பில் செல் செல்லாகப் புள்ளி எண்ணுவார். சிவப்பு ஹெர்-2 ஜீன், பச்சை 17-ஆம் குரோமோசோம். குறைந்தது 20 செல். சிவப்பு பச்சையைப் போல் இரண்டு மடங்கு வந்தால் பாசிட்டிவ் பக்கம். எண்ணுகிறவர் காபி குடித்துவிட்டு உட்காரட்டும், அவருக்கு வீட்டில் சண்டை எதுவும் இருக்கக் கூடாது.

அப்புறம் பீட்சன். கிளாஸ்கோ சர்ஜன். 1896-ல் லான்செட்டில் எழுதியிருக்கிறார்: சூலகத்தை எடுத்ததும் மார்புக் கட்டி சுருங்கியது. ரிசெப்டர் என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாத காலம். பசுவுக்குச் சூலகத்தை எடுத்தால் பால் தொடர்ந்து கறக்கும் என்று குடியானவர்களுக்குத் தெரிந்திருந்ததுதான் அவருக்கு வழிகாட்டியது. எனக்கு இந்த மனிதரைப் பிடித்திருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

டிரெயின் எடுத்தாயிற்று. குளித்தேன்! தலைக்கு!

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. லேபிலிருந்து போன். சிக்னல் சரியாக விழவில்லையாம், "ரிப்பீட் பண்றோம் மேடம்." போனை வைத்துவிட்டுக் குழந்தையைத் திட்டினேன், அவர் வாங்கி வந்த கீரையைத் திட்டினேன்.

2+, 2+, 2+.

ஜூலை 21, திங்கள்

நெகட்டிவ். விகிதம் 1.3.

சித்திக்குச் சொன்னேன். "நல்லதுதானே?" "நல்லதுதான்."

ஆனால் இப்போது கி-67. 5-க்குள் இருந்தாலோ 30-ஐத் தாண்டினாலோ நம்பலாமாம், நடுவில் இருந்தால் லேபுக்கு லேப் மாறுமாம். நமக்கு 22. கீமோ வேண்டுமா என்று முடிவுசெய்ய 21 ஜீன் டெஸ்ட் ஒன்று இருக்கிறது, அமெரிக்காவுக்கு அனுப்பணும், லட்சக்கணக்கில் ஆகும். அதே பிளாக்தான் போகணும். அது இன்னும் சென்னையிலிருந்து திரும்பி வரவில்லை. அவர் எஃப்.டி.யை உடைப்பது பற்றி பாங்க்கில் பேசிக்கொண்டிருக்கிறார்.