பத்து அங்குல டயர்

டிரெல் பி34 என்ற ஆறு சக்கரப் பந்தயக் காரின் கதையைப் பெரும்பாலானோர் அதை வடிவமைத்த டெரக் கார்டனரின் பக்கம் நின்று படிப்பார்கள். நான் அதற்கு டயர் செய்து கொடுத்தவர்களின் பக்கம் நின்று படிக்கிறேன். ரப்பர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், கலவை தயாரிக்கும் பிரிவில் எனக்கு வேலை. பம்பு சீல்கள், வாகன புஷ்கள், அதிர்வு தாங்கிகள் இவைதான் எங்கள் பொருள்கள். பந்தய டயர் எங்கள் பிரஸ்ஸில் ஏறியதே இல்லை. ஆனாலும் அந்தக் காருக்கு 1977-இல் என்ன நடந்திருக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குச் சட்டென்று புரியும்.

அந்தக் காலத்து ஃபார்முலா 1 அணிகளில் பெரும்பாலானவை ஒரே காஸ்வொர்த் எஞ்சினையும் ஒரே குட்இயர் டயர்களையும் நம்பியிருந்தன. எஞ்சினில் யாரும் யாரையும் முந்த முடியாதபோது காற்றோட்டத்தில்தான் எதையாவது தேட வேண்டும். காரின் முன்மூக்கு ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. வழக்கமான முன்சக்கரங்கள் அந்த மூக்கைத் தாண்டி உயர்ந்து நின்று காற்றைக் கலைத்தன. காரின் முன்பகுதியை மேலே தூக்கவும் செய்தன. சக்கர விளிம்பின் விட்டத்தைப் பத்து அங்குலமாகக் குறைத்து மூக்குக்குப் பின்னால் மறைத்துவிடலாம் என்று கார்டனர் நினைத்தார். ஆனால் அவ்வளவு சிறிய டயர் சாலையைத் தொடும் பரப்பு போதாது. அதனால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு முன்சக்கரங்கள் வைத்தார். நான்குமே திரும்பின, நான்கிலும் பிரேக் இருந்தது. ஓட்டுநர் தம் முன்டயர்களைப் பார்த்துக்கொள்ள உட்காருமிடத்தின் பக்கச் சுவரில் சிறு சன்னல்கூட வெட்டினார்கள்.

இத்தனையும் நடந்த இடம் ஒரு மரக்கிடங்கு. அணியின் உரிமையாளர் கென் டிரெல் மர வியாபாரி. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், ஆக்கம் என்ற ஊரில் இருந்த அவருடைய மரக்கிடங்கில்தான் பட்டறையும் இருந்தது. 1975 செப்டம்பரில் லண்டனில் ஒரு ஓட்டலில் காரை அறிமுகப்படுத்தியபோது, போர்வைக்கு அடியில் வளையங்களை வைத்து, வழக்கமான பெரிய சக்கரங்கள் இருப்பதுபோல் காட்டியிருந்தார்கள். போர்வையை எடுத்ததும் கூட்டம் திகைத்துப்போனது.

1976-இல் ஸ்பெயினின் ஹராமாவில் பாட்ரிக் டெபாயே அதை முதன்முதலாகப் பந்தயத்தில் ஓட்டினார். ஜூன் மாதம் சுவீடனில், ஆண்டர்ஸ்டார்ப் தடத்தில், ஜோடி ஷெக்டர் முதலிடமும் டெபாயே இரண்டாமிடமும் பிடித்தார்கள். ஆறு சக்கரக் கார் ஒன்று கிராண்ட் பிரீ வென்றது அந்த ஒரு முறைதான். ஆண்டு முடிவில் ஷெக்டர் மூன்றாமிடம், டெபாயே நான்காமிடம், அணிக்கும் மூன்றாமிடம். விசித்திரம் என்று ஒதுக்கத்தக்க கார் அல்ல அது. ஷெக்டருக்கு மட்டும் அதைப் பிடிக்கவேயில்லை. அந்த ஆண்டோடு வேறு அணிக்குப் போய்விட்டார். டெபாயே கடைசிவரை அதற்காக உழைத்தார்.

1977-இல் ஷெக்டரின் இடத்துக்கு ரோனி பீட்டர்சன் வந்தார். கார் கனத்திருந்தது. ஒரு வெற்றிகூடக் கிடைக்கவில்லை. மற்ற அணிகள் பயன்படுத்திய பதின்மூன்று அங்குல முன்டயர்களைக் குட்இயர் தொடர்ந்து மெருகேற்றிக்கொண்டே போனது. பத்து அங்குல டயர் பின்தங்கிவிட்டது. டிரெல்லின் பின்டயர்கள் மற்ற அணிகளுடையவை போலத்தான், அவையும் முன்னேறின. பின்பக்கம் பிடிப்பு கூடி, முன்பக்கம் கூடாவிட்டால், திருப்பத்தில் மூக்கு உள்ளே வராமல் வெளியே தள்ளும். அதைச் சரிக்கட்ட முன்சக்கரங்களை அகலமாக நகர்த்தி வைத்தார்கள். சக்கரங்கள் மூக்கின் மறைவிலிருந்து காற்றுக்குள் வந்தன. எதற்காக அந்தக் கார் பிறந்ததோ அந்த ஆதாயமே கைவிட்டுப் போனது.

ஒரே அணிக்காக மட்டும் ஒரு அளவை வளர்க்க மறுத்ததற்காக டயர்க்காரர்களைக் குறைசொல்லிப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் தளத்தில் அடித்தட்டில், துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவிச் சுற்றிவைத்த சில மோல்டுகள், அதாவது பாகத்தை வார்க்கும் இரும்பு அச்சுகள், உண்டு. ஒரே வாடிக்கையாளருக்கான, வேறு யாரும் கேட்காத அளவுகள். அவற்றில் ஒன்றை எடுத்துப் பிரஸ்ஸில் பூட்டினால், அது சீராகச் சூடேறும்வரை ஷிப்டில் பாதி போய்விடும். முதலில் வருகிற பாகங்கள் எல்லாம் கழிவு. ஒன்று சரியாக வேகாமல் மெத்தென்று இருக்கும், இன்னொன்றில் பிசிறு விரல்நீளம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அதே பிரஸ்ஸில் இருசக்கர வாகன புஷ் ஓடியிருந்தால் பல நூறு இறங்கியிருக்கும். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார் என்றால் அதில் கல்நெஞ்சம் ஒன்றும் இல்லை.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு; வெளியில் இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. ரப்பருக்கு வலுவூட்டும் கரித்தூளான கார்பன் பிளாக்கின் ரகத்தை மாற்றியோ எண்ணெயின் அளவைக் குறைத்தோ நாங்கள் ஒரு கலவையை மேம்படுத்தினால், அது ஆறும்போது சுருங்கும் அளவும் மாறும். பழைய மோல்டில் புதுக்கலவையை வைத்து அழுத்தினால் பாகம் அளவு தவறி வரும். நிறைய ஓடுகிற பாகத்துக்கு மோல்டைத் திருத்துவதற்குப் பணம் கிடைக்கும். அடித்தட்டு மோல்டுக்கு யார் கொடுப்பார்கள்? அது பழைய கலவையிலேயே நின்றுவிடும். அந்தச் சிறிய பாகத்தை நாங்கள் மோசமாக்குவதில்லை. அதைச் சுற்றியுள்ள எல்லாம் நல்லதாகிக்கொண்டு போகின்றன. அந்த வாடிக்கையாளர் வந்து, "முன்புபோல் இல்லையே" என்று ஆதங்கப்படும்போது கடினத்தன்மையை அளக்கும் டூரோமீட்டரை வைத்துக் காட்டுவேன். கடினத்தன்மை முன்பு இருந்த எண்ணிலேயே இருக்கும்.

பந்தய டயரில் இந்த வேகம் இன்னும் பலமடங்கு. அதோடு 1977-இல் ரெனோ அணியுடன் மிஷலன் என்ற இன்னொரு டயர் நிறுவனம் களத்துக்கு வந்துவிட்டது. போட்டியாளர் வாசலில் நிற்கும்போது எந்த நிறுவனமும் தன் ஆட்களை எல்லாரும் வாங்குகிற அளவின் மீதுதான் போடும். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கார்டனருக்கு அது நியாயமாகப் பட்டிருக்காது என்பதும் எனக்குத் தெரிகிறது. அவருடைய கணக்கில் பிழை என்று அந்தப் பத்து அங்குலத்தைச் சொல்ல முடியாது. அவர் 1977-இலேயே அணியை விட்டுப் போனார். அடுத்த ஆண்டு மொரிஸ் பிலிப் நான்கு சக்கரத்தில் செய்த 008 என்ற டிரெல் காரை ஓட்டி டெபாயே மொனாக்கோவில் வென்றார். மார்ச், வில்லியம்ஸ் அணிகள் பின்பக்கத்தில் நான்கு சக்கரம் வைத்துச் சோதித்துப் பார்த்தன. அவை வழக்கமான முன்டயர் அளவிலேயே ஓடின என்பது எங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது. 1983 முதல் நான்கு சக்கரத்துக்கு மேல் கூடாது என்று விதியே வந்துவிட்டது.

பிறகு நடந்ததைத்தான் நான் வேலைக்குப் புதிதாக வருகிற இளைஞர்களிடம் சொல்வது வழக்கம். பி34 கார் ஒன்றைப் பழைய கார்களுக்கான பந்தயத்தில் இறக்க விரும்பியவருக்காக, ஏவன் டயர் நிறுவனம் பத்து அங்குல டயரைத் தனியாகச் செய்து கொடுத்தது. அந்தப் பந்தயங்களில் எல்லாருடைய காரும் பழையது. டயர்களும் பந்தயத்துக்குப் பந்தயம் ஓடி முன்னேறுவதில்லை. சின்ன டயர் பின்தங்க அங்கே இடமில்லை. 2000-ஆம் ஆண்டில் மார்ட்டின் ஸ்டிரெட்டன் அந்த ஆறு சக்கரக் காரை ஓட்டி, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் தரோபிரெட் கிராண்ட் பிரீ தொடரின் பட்டத்தையே வென்றார்.