தடைக்காலத்தில் வந்த கடுவன்

ஏப்ரல் 19

மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் துறைமுகத்துப் பூனைகள் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டன. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஃபைபர் படகு, நாட்டுப்படகு மட்டும்தான். வலை உதறும் இடத்தில் கழிவு மீன் குறைந்தால் கடலூர் முதுநகர்ப் பூனைகளுக்குத்தான் முதல் பட்டினி. இன்று கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு செவலைக் கடுவன் பூனை. கன்னம் இரண்டும் உப்பி, இடது காது கிழிந்து தொங்குகிறது. கருத்தடை செய்த தெருப்பூனைக்குக் காது நுனியை நேராக வெட்டி அடையாளம் வைப்பார்கள், இது அந்த வெட்டு இல்லை, சண்டையில் கிழிந்த காது. என்னைப் பார்த்ததும் மதில் ஏறிப் போய்விட்டான்.

ஏப்ரல் 25

தினமும் சாயங்காலம் அதே நேரம், அதே தட்டு. காரப்பொடி மீனை உப்பு, மஞ்சள் எதுவும் போடாமல் வேகவைத்து வைத்துவிட்டு, தள்ளிப் போய்த் திண்ணையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறேன். நேருக்கு நேர் முறைத்தால் சண்டைக்குக் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்ளும். "பாவம்டா, ஒரு டம்ளர் பால் வையேன்" என்று அம்மா. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதிதான் ஆகும் என்றால் நம்ப மறுக்கிறார். "அப்ப எங்க காலத்துப் பூனையெல்லாம் என்ன குடிச்சுதாம்?"

மே 6

கத்திரி வெயில். மத்தியானமே வந்து துணி துவைக்கும் கல்லுக்கடியில் படுத்துக்கொள்கிறான். மரக்கரண்டியின் நுனியில் மசித்த மீனைத் தடவி நீட்டினேன். கழுத்தை மட்டும் நீட்டி, பின்னங்கால் இரண்டையும் ஓடுவதற்குத் தயாராக வைத்துக்கொண்டே நக்கினான். நாக்கு மரத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. கரண்டியாலேயே தாடையைத் தடவிக் கொடுத்தேன், சீறவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து "மியாவ்" என்றான், அதுதான் விஷயமே. மனிதர்களோடு பழகாமலே வளர்ந்த பூனை மனிதனைப் பார்த்து அப்படிக் கத்துவது அபூர்வம். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மனிதர் கை படாத குட்டியை, பெரிதான பிறகு பழக்குவது ரொம்பவே கஷ்டம். இவன் குட்டியில் யார் வீட்டிலோ இருந்திருக்கிறான் என்பது என் கணிப்பு. சுக்கான் என்று பெயர் வைத்தாயிற்று.

மே 14

கூண்டு இரவல் வாங்கி, மீன் வாசனை காட்டிப் பிடித்து, நண்பனின் காரில் புதுச்சேரி குரும்பாபேட்டில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். ரெட்டிச்சாவடி வரை ஊளை. கூண்டின் மேல் பெட்ஷீட்டைப் போட்டு இருட்டாக்கியதும் அடங்கிவிட்டான். கருத்தடை, வெறிநாய்க்கடி ஊசி, குடல்புழு மருந்து எல்லாம் வரிசையாக நடக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்தாலும் உடம்பில் இருக்கிற ஹார்மோன் இறங்கச் சில வாரம் ஆகும், அதுவரை சுவரில் பீய்ச்சினால் திட்டக்கூடாது.

மே 20

மாடி அறையில் தனியாக வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பூனைகள் சுந்தரியும் பொட்டும் கீழே. பூனைகளுக்கு வருகிற பார்வோ நோய்க் கிருமி தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் மாடிக்குத் தனிச் செருப்பு, தனிச் சட்டை. அம்மா, "அந்தக் காலத்து அம்மை வீடு மாதிரி பண்றியே" என்கிறார்.

ஜூன் 2

காட்டுப்பயலைப் பழக்கியது பெரிய வேலையில்லை, வீட்டு மகாராணியைச் சம்மதிக்க வைப்பதுதான் வேலை. பழைய காலுறையால் சுக்கானின் கன்னத்தைத் தேய்த்துக் கீழே போட்டேன். வாசனைச் சுரப்பி கன்னத்தில்தான் இருக்கிறது, பூனைகள் முதலில் மூக்கால்தான் அறிமுகமாகின்றன. பொட்டு அதன்மேல் புரண்டு விளையாடினான். சுந்தரி ஒருமுறை முகர்ந்தாள், வாயைப் பாதி திறந்து அப்படியே நின்றாள், பிறகு காலுறைக்குப் பக்கத்தில் மண்ணில்லாத தரையைக் காலால் வறட்டு வறட்டென்று மூடப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். தீர்ப்பு சொல்லியாயிற்று! நாளையிலிருந்து அந்தக் காலுறைக்குப் பக்கத்தில்தான் அவளுக்குச் சாப்பாடு.

ஜூன் 11

மூடிய கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டு வைத்து, ஒன்றும் நடக்காமல் சாப்பிட்ட பிறகுதான் வலைக்கதவு போட்டேன். இன்று பார்த்து விருந்துக்கு வந்த மாமா பையன் அதைத் திறந்துவிட்டான். சுந்தரி வாலை உப்பிக்கொண்டு பாய்ந்தாள், செவலை மயிரும் கறுப்பு மயிரும் பறந்தன. பையன் கையை நுழைக்கப் போனான், இழுத்துப் பிடித்தேன். சண்டையில் இருக்கிற பூனை யாரையென்று பார்க்காமல் கடிக்கும். சாப்பாட்டுத் தட்டைத் தரையில் ஓங்கித் தட்டினேன், பிரிந்து ஓடினார்கள். காயம் ஒன்றும் இல்லை. ஆனால் மறுபடி காலுறையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இதில் குறுக்கு வழி கிடையாது, எந்தப் பூனை ரொம்பப் பயப்படுகிறதோ அதன் வேகத்தில்தான் எல்லாம் நகரும்.

ஜூன் 17

படகுகள் போய்விட்டன. மீன் விற்கிற ஆயா கூடையில் சங்கரா, நெத்திலி எல்லாம் கொண்டுவந்தார். "உன் பூனை இனிமே தொறமொகத்துக்கே போயிடும் தம்பி, பாரு." போகிறவன் போகட்டும் என்றுதான் இருந்தேன். சுக்கான் மாடி ஜன்னலில் உட்கார்ந்து ஆயாவின் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

ஜூலை 3

வலைக்கதவைக் கழற்றியாயிற்று. பொட்டும் சுக்கானும் ஒரே பாயில் படுக்கிறார்கள். கழிவுக்கு வைக்கும் மண் தட்டு மூன்று பூனைக்கு நாலாக வைத்ததில் அந்தச் சண்டையும் வரவில்லை. சுந்தரி மட்டும் ஃப்ரிட்ஜ் மேலே ஏறித்தான் சாப்பிடுவேன் என்கிறாள், அவன் கீழே நடந்தால் உறுமிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்கிறாள். சரி, சாப்பிடுகிறாளே. அடுத்த வாரம் சுக்கானுக்கு இரண்டாவது தடுப்பூசி, கூண்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.